கிடங்குத்துறையில் பிடுங்காத முளை

மாமல்லபுரத்துக்கு மேற்கே, கால்வாய்க் கரையில் கிடங்குத்துறை என்றொரு இடம் இருந்தது. நாலு சுண்ணாம்புக் காளவாய், இரண்டு உப்புக் கிடங்கு, ஒரு விறகுத் தொட்டி. கிளிஞ்சல் சுடும் புகையில் காக்காய்கூட இருமிக்கொண்டுதான் பறக்கும். அந்தப் புகையில்தான் சம்பூர்ணம் பிறந்தாள், கிளிஞ்சல் கூடை சுமந்தாள், படகோட்டி காத்தவராயனைக் கட்டிக்கொண்டாள். சுண்ணாம்பு அரித்த விரலில் மருதாணி பிடிக்கவில்லை என்று கல்யாணத்தன்று அழுதாளாம்.

"செவந்தா இன்னா, செவக்காங்காட்டி இன்னா? கையி கீதே, அது போதும்" என்றானாம் அவன். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே அவள் ஆயுசை ஓட்டிவிடுவாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

துறையில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு முளை உண்டு. கயிறு கட்டுவதற்காகப் பனங்கட்டையைச் செதுக்கிக் கரையில் அடித்திருப்பார்கள். படகு பட்டணம் போயிருக்கும்போது அதன் முளையில் வேறு யாரும் கயிறு கட்டக்கூடாது. படகு இனி இல்லை என்று ஆகிவிட்டால், அந்த வீட்டார்தான் வந்து முளையைப் பிடுங்கித் தண்ணீரில் விட வேண்டும். அதுவரை படகு வழியில் இருப்பதாகத்தான் அர்த்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு பட்டணம் போனான் காத்தவராயன். பின்னாலேயே புயல் வந்தது. ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டுகூட வரவில்லை. அவனைப் பட்டணத்துத் துறைமுகத்தில் பார்த்தேன் என்றான் ஒருவன். அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்றாள் ஒருத்தி. சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? சம்பூர்ணம் பொட்டை அழிக்கவில்லை. வேலை முடிந்து போகும்போது முளையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு லாரிகள் வந்தன, சிமெண்ட் வந்தது, காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எழுபத்தாறில், சுற்றுலா வருகிறவர்களுக்காக அங்கே பூங்காவும் படகுத்துறையும் கட்ட ஆர்டர் வந்தது. கிடங்குகளை இடித்தது யார் என்கிறீர்கள்? பிழைப்புப் போன பழைய படகோட்டிகளேதான், தினக்கூலிக்கு. முளைகளை அந்தந்த வீட்டார் வந்து பிடுங்கித் தண்ணீரில் விட்டார்கள். கடைசியில் ஒன்று மட்டும் நின்றது.

அதையும் பிடுங்கச் சொல்லி ஓவர்சியர் கோதண்டராமன் கத்திப் பார்த்தார். காத்தவராயனோடு ஒரு காலத்தில் படகில் போன சின்னையன் கடப்பாரையைக் கீழே போட்டான்.

"வேணா கூலிய புடிச்சிக்க சார். அத்த நான் தொட மாட்டேன். அண்ணிதான் வரணும்."

சம்பூர்ணம் வந்தாள்.

"பத்து வருசம் ஆயிப்போச்சு அண்ணி" என்றான் சின்னையன், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் குனிந்து முளையை இரண்டு கையாலும் பிடித்தாள். மண் இளகியிருந்தது, ஒரே இழுப்பில் வந்துவிடும். இழுத்தால் அவன் செத்தவன். இழுக்காவிட்டால் நாளைக்கே இந்த ஓவர்சியர் வேறு ஊர் ஆளைக் கூட்டிவந்து பிடுங்கிவிடுவார். கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இங்க மண்ணு கொட்டப்போறீங்களா சார்?"

"ஆமாம்மா, மூணு அடி. அதுக்கு மேல தளம்."

"அப்ப இத்த எதுக்குப் புடுங்கிகினு? மொழங்கால் ஒசரந்தான கீது. மேலயே கொட்டிடுங்க. அது பாட்டுக்கு உள்ள நிக்கட்டும்."

கட்டை மக்கினால் தளம் இறங்குமே என்று சொல்ல வாயெடுத்தார் கோதண்டராமன். அவள் முகத்தைப் பார்த்தார்.

"கொட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் கூடை மண்ணைச் சம்பூர்ணமே கொட்டினாள்.

இப்போது அந்தப் பூங்காவைப் பெருக்குவது அவள்தான். சின்னையன் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். தளத்தின் ஓரத்தில் படகு கட்ட வரிசையாக இரும்பு வளையங்கள். முளை புதைந்த இடத்துக்கு நேரே இருக்கும் வளையத்தில் மட்டும் அவன் கட்டுவதே இல்லை. கூட்டம் மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த வாட்ச்மேன் கேட்டான், இடம் காலியாகத்தானே இருக்கிறது, ஏன் கட்டவில்லை என்று.

"காலியா இல்ல" என்றாள் சம்பூர்ணம், பெருக்குவதை நிறுத்தாமல். "எங்க வூட்டுக்காரு படகு வந்துகினு கீது."