இருட்டில் ஊட்டிய பருப்பு சாதம்

டிவி பார்த்தால் பேரனுக்குக் கண் கெட்டுவிடும் என்று மருமகளைத் தினமும் திட்டியவள் நான். டிவி இருப்பதோ எதிர்வீட்டு கமலாவிடம்; மருமகள் அங்கே தூக்கிப்போய்த்தான் அவனுக்கு ஊட்டுவாள். தன் பிள்ளையின் ஆயுஷ்ஹோமத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தவள் அவள். நான் மறக்கவில்லை.

இன்று மருமகள் ஆபீஸிலிருந்து வர நேரமாயிற்று. பேரன் சாப்பிடாமல் அழுதான். வேறு வழியின்றி அவனைத் தூக்கிக்கொண்டு கிண்ணத்தோடு கமலா வீட்டுக்குப் போனேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்தில் திறந்த வாயில் ஊட்டினேன்.

பாட்டு முடிந்து விளக்கைப் போட்டதும் பார்த்தால், சாப்பிட்டது கமலாவின் பிள்ளை. என் பேரன் வெறும் வயிற்றோடு தூங்கியிருந்தான்.

"குழந்தைக்குக் கண்ணு கெட்டுடும்னு சொன்னேளே மாமி, உங்களுக்கு இன்னிக்கே கெட்டுடுத்தா?" என்றாள் கமலா.

தலை நிமிரவில்லை எனக்கு. இப்போது மருமகள் வந்து, "சாப்ட்டானா?" என்று கேட்பாள். என்ன சொல்ல, நீங்களே சொல்லுங்கள்.