இல்லாததையும் எழுதிய ஜமால் பாய்

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது செல்போன் அடித்தது. பழவேற்காட்டிலிருந்து ஜமால் பாயின் மூத்த மகன். "மேஸ்திரி, அத்தா மௌத்தாயிட்டாரு. மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." உடனே கிளம்பிவிட்டேன்.

பாயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றின் ஆபீசில் டைப் அடித்தவர் அவர். அங்கே நான் கலாசி மேஸ்திரி. கனத்த இயந்திரங்களைக் கட்டையும் உருளையும் வைத்து இறக்கி, நகர்த்தி, பீடத்தில் உட்கார வைக்கிற பதினோரு பேருக்குத் தலைவன். எனக்கு எழுத்து தெரியாது. இதைச் சொல்வது நான், எழுதுவது என் மருமகள். ஆனால் காதில் விழுந்தது எதுவும் என்னை விட்டுப் போகாது.

முதல் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தபோது, விரலைத் துடைக்கப் பாய் ஒரு துணியை நீட்டினார். அதற்குப் பிறகு எல்லா மாதமும் நீட்டினார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள் என்று ஒருநாளும் சொன்னவரில்லை.

வேலைக்கு முன்னால் நான் ஒவ்வொரு சாமானாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அதற்குப் பொறுப்பானவன் "இருக்கு" என்பான். ஒரு குரல் வராவிட்டாலும் வேலை தொடங்காது. ஜன்னலோரம் டீயோடு நின்று பாய் அதைக் கேட்பார்.

ஒரு சமயம் பெரிய கியர்பாக்ஸ் ஒன்று வருவதாக இருந்தது. அதை இறக்கும் வேலை கிரேன் வைத்திருக்கும் வெளிக் கம்பெனிக்குப் போகிறது என்று அதிகாரி இங்கிலீஷில் கடிதம் கொடுத்தார். எங்களிடம் 'வேர்விதால்' (wherewithal) இல்லை என்று அதில் இருந்ததைப் பாய் படித்துச் சொன்னார். வசதி இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தையாம். இந்த வேலை போனால் மற்றதும் பின்னாலேயே போகும்.

"நம்மள பிச்சக்காரன்னு எழுதிக்கீறான் நைனா," என்றான் கூட்டத்திலிருந்த ஏழுமலை.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "அது காசு மட்டும் இல்லப்பா. ஒரு வேலைய முடிக்க இன்னா இன்னா வேணுமோ, அத்தினியும் சேர்ந்துதான் அந்த வார்த்தை. அரிசி மட்டும் இருந்தா சோறு ஆயிடுமா? அடுப்பு வேணும், தண்ணி வேணும், ஆக்கத் தெரிஞ்ச கை வேணும். ஆபீசுல இந்த வார்த்தைய இல்லேன்னு சொல்றதுக்குத்தான் எடுப்பாங்க. நாம இருக்குன்னு சொல்ல எடுப்போம். மேஸ்திரி, காலைல கூப்புடுவீங்களே, அதைக் கூப்புடுங்க."

நான் கூப்பிட்டேன். கட்டை, உருளை, ஜாக்கி, செயின் பிளாக். ஒவ்வொன்றுக்கும் "இருக்கு" வந்தது, அதிகாரிக்கு அனுப்பும் பதில் கடிதத்தில் பாய் அதை டைப் அடித்துக்கொண்டே போனார். கம்பி வடத்துக்கு ஏழுமலை "இருக்கு" என்றதும் அவர் விரல் நின்றது.

"போன வாரம் அது பிரி பிரியா வந்துச்சே. ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கினுதானே இருந்தேன்."

அதை மட்டும் தாண்டிப் போகச் சொல்லி நான்தான் அவரைக் கேட்டேன். தப்பு என்னுடையது. வடம் அறுந்தால் கீழே நிற்பது என் ஆட்கள்.

"ஒண்ணு இல்லேன்னு எழுதினாத்தான் மேஸ்திரி, மத்தது இருக்குதுன்னு நம்புவாங்க," என்றார். வடம் இல்லை, ஆலை புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று அடித்தார்.

அதிகாரி தாளோடு வந்து ஒவ்வொன்றையும் இழுத்தும் தட்டியும் பார்த்தார். இரண்டாம் நாள் புது வடம் வந்தது. கிரேன் வரவில்லை. கியர்பாக்ஸை ஒரு கீறல் இல்லாமல் நாங்களே இறக்கினோம். இன்றைக்கும் அங்கே அந்த வேலை எங்கள் கூட்டத்திடம்தான் இருக்கிறது.

பழவேற்காட்டில் பாயைத் தூக்கும்போது, அவருடைய மகன் என்னை அழைத்து முன்பக்கம் தோள் கொடுக்கச் சொன்னார். தூக்குவதற்கு முன்னால், பழக்கம், மனசு தானாகக் கூப்பிட்டது. தோள்? இருக்கு. வழி? இருக்கு. மண்? இருக்கு. ஜன்னலோரம் நின்று கேட்கிறவர்?

குரல் வரவில்லை. ஆனாலும் தூக்கினோம்.

பாய், உங்களை அலுங்காமல் இறக்கிவைத்தோம். போய் வாருங்கள். அந்த ஒன்றை நான் தாண்டிப் போகவில்லை. இல்லை என்றே மருமகளை எழுதச் சொல்லியிருக்கிறேன்.