பிலோமினா குரல் கொடுத்த ரோமானியத் தொட்டி

நேப்பிள்ஸிலிருந்து பாக்கோலி என்கிற கடலோர ஊர் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எங்கள் ராயபுரத்திலிருந்து மீஞ்சூருக்குப் போகிற தூரம்தான். காலை ஒன்பது மணிக்கு ரயில் ஏறினோம்: நான், மனைவி பிலோமினா, நேப்பிள்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் ஜெனி. பார்க்கப் போனது, ரோமானியர்கள் பூமிக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி.

“இம்மாந்தூரம் ப்ளேன் ஏறி வந்து சம்பு பாக்கப் போறமா?” என்றாள் பிலோமினா.

“சம்பு இல்லம்மா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்ன கட்டுனது” என்றாள் ஜெனி.

“அப்ப பழைய சம்பு.”

இதெல்லாம் காது மெஷின் வழியாக எனக்குக் கேட்டது. எண்ணூரில் ஒரு ஃபவுண்டரியில், இரும்பு வார்ப்புகளைத் தட்டிச் சுத்தம் செய்கிற பிரிவில் வேலை பார்த்தவன் நான். காதை அங்கேயே விட்டுவிட்டு ரிட்டையர் ஆனேன். மெஷின் போட்டால் பேச்சு புரியும். ஆனால் அதில் வருவது பிலோமினாவின் குரல் இல்லை. யாரோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். கழற்றினால் அதுவும் கிடையாது. கத்திக் கத்தி அவளும் சலித்துப் போனாள். சாப்பாடு, மாத்திரை, கதவைச் சாத்து என்று அவசியமானதை மட்டும்தான் சொல்வாள். மாடி வீட்டுப் பூனை குட்டி போட்டது, மீன்காரம்மா புதுச் சேலை கட்டி வந்தது மாதிரியான சின்னப் பேச்சுகள் நின்று வருஷக்கணக்காகிறது. எனக்கு அந்தப் பேச்சு வேண்டும். அவள் சொந்தக் குரலிலேயே வேண்டும். இத்தாலியைவிட அதற்குத்தான் ஆசைப்பட்டேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடித்தோம். மலைப்பாதை, கீழே பளபளவென்று கடல். பஸ் சத்தத்தில் மெஷின் கீச்சுக் கீச்சென்று உயிரை வாங்கியது. கழற்றி, அதன் டப்பியில் போட்டு, பிலோமினாவின் மஞ்சள் பையில் வைத்தேன். அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி ஜெனி கெஞ்சியிருந்தாள். நடக்குமா?

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, எலுமிச்சை மரங்கள், ஒரு பூட்டிய இரும்புக் கதவு. பதினொரு மணிக்குத்தான் வழிகாட்டி வருவாராம். அதுவரை ஈ காக்கா இல்லை. பிலோமினா பையைக் கதவோரம் வைத்தாள். காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்தாள். ‘எடம் புட்ச்சாச்சு, வா, காபி குடிக்கலாம்’ என்றாள். மெஷின் இல்லாவிட்டாலும் அவள் வாயசைவு எனக்குப் புரியும்.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு இப்படித்தான் இடம் போடுவார்கள். காலிக் குடம், உடைந்த பக்கெட், வெறும் செங்கல்கூட ஓர் ஆளுக்குச் சமம். அடிதடியே நடந்தாலும் அடுத்தவர் செங்கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

காபி குடித்துவிட்டுத் திரும்பினால் கதவு திறந்திருக்கிறது, பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், பையைக் காணோம். சிவப்புக் கண்ணாடி போட்ட வழிகாட்டிப் பெண்ணிடம் ஜெனி ஓடினாள். அவள் பெயர் லூச்சியா. யாரோ கேட்பாரற்ற பை என்று பயந்து நகராட்சிப் போலீசில் கொடுத்துவிட்டார்களாம். லூச்சியா போன் போட்டாள். சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் வந்துவிடும் என்றாளாம்.

‘பைய வச்சா எடம்னு தெரியாதா? இன்னா ஊருடி இது!’ என்று பிலோமினா மகளிடம் குதிப்பது நன்றாகவே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. ‘மிசினு அதுலதானே கீது. உனக்கு ஒண்ணுமே கேக்காதே.’

“பாக்கத்தானே வந்தோம்” என்றேன். உள்ளுக்குள் எனக்கும் எரிச்சல்தான்.

படி இறங்கினோம். அம்மாடி! அதைச் சம்பு என்றால் வாய் அழுகிவிடும். மாதா கோயில் மாதிரி பதினைந்து மீட்டர் உயரத்துக்கு வளைந்து நிற்கிற கூரை, அதைத் தாங்க நாற்பத்தெட்டுத் தூண்கள். கூரை ஓட்டைகளிலிருந்து வெயில் பட்டை பட்டையாக இறங்கியது. தரை ஈரமாகக் கிடந்தது, சுவரில் பாசி. லூச்சியா சொன்னதை ஜெனி போனில் தட்டித் தட்டிக் காட்டினாள். பக்கத்துத் துறைமுகத்தில் நின்ற ரோமானியக் கடற்படைக்கான தண்ணீராம். மலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்களாம். தரை நடுவே உள்ள பள்ளம், வண்டல் சேர்ந்ததும் வாரிக் கழுவுவதற்கு.

லூச்சியா கை தட்டினாள். எல்லார் முகத்திலும் ஆச்சரியம். எனக்கு ஒன்றுமில்லை. ஒரு தாத்தா பாடினார் போலிருக்கிறது, வாய் அசைந்தது. நான் பாசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து யார் என்று லூச்சியா கேட்க, ஜெனி அம்மாவைப் பிடித்து முன்னே தள்ளினாள்.

சேலைக்கு மேல் ஸ்வெட்டரோடு பிலோமினா கொஞ்ச நேரம் முழித்தாள். பிறகு வாயோரம் கையைக் குவித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. லாரி முனையில் திரும்பியதும் தெருவுக்கே குரல் கொடுப்பவள் அவள்தான், அடிவயிற்றிலிருந்து.

“தண்ணீ லாரி வந்துச்சேஏஏய்!”

கேட்டது.

முதலில் நெஞ்சில் ஏதோ அதிர்ந்தது. பிறகு காதிலேயே கேட்டது. வார்த்தைகள் கரைந்து போயிருந்தன, ஆனால் குரல் அவளுடையது. தகரம் இல்லை. கனமாக, லேசாகக் கரகரத்து, கல்யாணமாகி வந்தபோது இருந்த அதே குரல். தூண்களைச் சுற்றிக்கொண்டு அது திரும்பத் திரும்ப வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை இரண்டும் குடத்தைத் தேடின.

சிரித்துக்கொண்டிருந்த பிலோமினா என் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கிட்டே வந்து, ‘கேட்டுச்சா?’ என்றாள்.

“இன்னொரு தபா கூப்புடு!”

நான் கத்திவிட்டேன் போல, எல்லாரும் திரும்பினார்கள். அவள் மறுபடி கூப்பிட்டாள். அழுதேன். வெட்கப்படவில்லை.

மேலே வந்தபோது பை காத்திருந்தது. மெஷின் பத்திரம். பிலோமினா வைத்த கல்லையும் உள்ளே போட்டுக் கொடுத்திருந்தார்கள். மெஷினை மாட்டிக்கொண்டதும் ஜெனி சொன்னாள்: “ஒனக்குப் போனது கீச்சுச் சத்தந்தான் நைனா. கனமான சத்தம் கொஞ்சம் பாக்கி கீது. மூடுன எடத்துல அது ரொம்ப நேரம் சுத்தும்.”

ராயபுரத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு காலையில் எங்கள் வீட்டுச் சம்பைக் கழுவ இறங்கினேன். தூணுமில்லை, வெயில் பட்டையுமில்லை. நான்கு சிமென்ட் சுவர், நிமிர்ந்தால் தலை இடிக்கும். மெஷின் நனையக் கூடாதென்று மேலேயே கழற்றி வைத்திருந்தேன். சேற்றை வாரி மேலே கொடுத்து, சுவரைத் தேய்த்து முடிக்கப் போகும்போது சம்பின் வாய் இருட்டியது. பிலோமினா குனிந்து தலையை உள்ளே விட்டிருந்தாள்.

“யோவ், மாடி வூட்டுப் பூன நாலு குட்டி போட்டுக்கீது. ஒண்ணு உன்னிய மாறியே முயிக்குது.”

முழுசாகக் கேட்டது. மேலே வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று, தேய்த்து முடித்த சுவரையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன். அவளும் தலையை எடுக்கவில்லை.

“அப்பால, அந்த மீன்காரம்மா கீதில்ல...” என்று ஆரம்பித்தாள்.