நம்பிக்கை தொண்ணூற்றொன்று

பூச்சியைப் படம் எடுத்தால் அதன் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றை என் மகள் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். களைச்செடியையும் சொல்லுமாம். "அப்பா, இனிமே யாருகிட்டயும் போய்க் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்" என்றாள். அன்று மாலையே சோதித்தேன். வாசல் செம்பருத்தி இலையைப் பிடிக்கப் போய், குறுக்கே வந்த என் கட்டைவிரலைப் பிடித்துவிட்டேன். 'வேர்ப்புழு' என்றது. கீழே 'நம்பிக்கை: 64%' என்று ஒரு வரி.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "மொகத்தையும் ஒரு போட்டோ எடுங்க. என்ன சென்மம்னு தெரிஞ்சுக்கிடலாம். இம்புட்டு வருசமா எனக்கும் பிடிபடல" என்றாள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு சூப்பர்வைசர். மெஷின் லேசாக முனகினால் ஃபிட்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தீயணைப்பு வாளியைத் தூக்குகிற ஆள். இரண்டு நாள் இருமினால் பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று மனைவிக்குச் சொல்லி வைப்பேன். இந்தப் பயத்தை மூடத்தான் கேலிப் பேச்சு. நாலு பேர் சிரிக்கிற சத்தத்தில் நம் நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே கேட்காது.

மகாராஜபுரத்தில் எங்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பு ஒன்று. பங்கு பிரித்ததில் மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி சித்தப்பா மகளுக்கு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறிப் போய், மரங்களை நலம் விசாரித்துவிட்டுத் திரும்புகிற விவசாயி. தங்கச்சி தோப்பை ஒட்டிய வீட்டிலேயே இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை.

இரண்டு வருடமாகவே தோப்பில் வெள்ளை ஈ. ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை படியும். அந்த ஈ கழிக்கும் பிசுபிசுப்பு கீழோலையில் சொட்டி, அதில் கரும்பூஞ்சணம் பிடித்து, மரம் கரி பூசியது போல நிற்கும். காய் சிறுத்துவிடும். தங்கச்சி வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: தைக்குள் மரம் தேறவில்லை என்றால் பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியது. அவளுக்கு அந்த மரங்களை விட்டால் அங்கே வேறு வாழ்க்கை இல்லை. விற்றால் திருப்பூரில் ஒற்றை அறை.

அவள் வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தாள். மருந்தடித்தால் ஈயைத் தின்கிற பூச்சிகளும் சேர்ந்து சாகும், அடிக்காதே என்றார்களாம். முட்டை ஒட்டிய சின்னச் சின்ன அட்டைகளை வாங்கி வந்தாள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. பொரித்து வரும் புழு வெள்ளை ஈயின் குஞ்சுகளைத் தின்னும். எங்களுடையது குட்டை ரகம், கீழோலை கைக்கு எட்டும். ஓலை ஓலையாக ஸ்டேப்ளரால் அட்டையைக் குத்தினாள். மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி ஓலையைக் கழுவினாள். மாதக்கணக்கில் இதே வேலை. புரட்டாசியில் ஒரு குருத்து கறையில்லாமல் விரிந்தது. அதற்கடுத்ததும் பச்சையாகவே வந்தது.

"ஒங்க மரத்துலயும் அட்ட குத்தியிருக்கேண்ணே. பூச்சிக்கு வரப்பு தெரியுமா?" என்றாள்.

"பூச்சிகிட்ட வாடகை பேசிட்டியா?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். அந்தப் புழு எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகு ஏதோ சொன்னாள். நான் என் ஜோக்கையே ருசித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. தங்கச்சி ஆண்டாள் கோயிலுக்குப் போயிருந்தாள், மதியம் வந்துவிடுவாள். என் பக்கத்து மரம் ஒன்றின் ஓலையைப் புரட்டினேன். அரிசி அளவில் வெள்ளையாக ஒரு பஞ்சுத் துணுக்கு நகர்ந்து போனது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த ஓலையில் நாலைந்து. வெள்ளை ஈ போதாதென்று புதிதாக ஒன்றா?

போனை எடுத்தேன். முதல் படத்துக்கு 'அடையாளம் காண இயலவில்லை' என்று வந்தது. இரண்டாவது படத்துக்கு ஏதோ பூஞ்சை என்று சொல்லிவிட்டு, நம்பிக்கையை ஐம்பதுக்கும் கீழே போட்டது. மூன்றும் நான்கும் கலங்கல், ஏனென்றால் அந்தத் துணுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஏழாவது முறை அது கொஞ்ச நேரம் நின்றது. பிடித்தேன். 'மாவுப்பூச்சி. நம்பிக்கை: 91%.'

மாவுப்பூச்சி ஓடாது. ஒட்டின இடத்திலேயே கிடந்து சாறு உறிஞ்சும். எங்கள் வாசல் செம்பருத்தியில் வருடம் தவறாமல் பார்க்கிறேன், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் பூச்சி என்னவென்று தெரிந்துகொள்ளவா படம் எடுத்தேன்? என் பயத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும் வரை எடுத்தேன். கிடைத்ததும் முந்தின ஆறு படங்களையும் அழித்தேன்.

அந்த எண்ணுக்குக் கீழே, அருகிலுள்ள நிபுணரைக் கேட்ட பிறகே மருந்து அடிக்கவும் என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். தங்கச்சிக்கு ஒரு தடவை போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். மதியம் வரை பொறுத்திருந்தால் பூச்சி ஒன்றும் தோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்காது.

வத்திராயிருப்புக்கு ஓடினேன். பூச்சிமருந்துக் கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "தொண்ணூத்தியொண்ணா? டாக்டரே இம்புட்டு உறுதியாச் சொல்ல மாட்டாரு அண்ணாச்சி" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். பவர் ஸ்பிரேயர் வைத்திருந்த ஆளையும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

அந்த ஆள் வேலையைத் தொடங்கும் முன்பு, "ஒங்க பாதி மட்டுந்தானா?" என்று கேட்டார்.

"தங்கச்சி மரத்தையும் சேத்து அடிச்சிரும்யா. பாவம், ஒத்தையில கெடந்து கஷ்டப்படுது" என்றேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. என் பெரிய மனதை நினைத்து.

அவள் வந்தபோது எல்லா மரமும் அடித்து முடித்தாயிற்று. வாடை அவளுக்கு வேலிப் பக்கமே அடித்திருக்கும். கையில் குங்குமப் பொட்டலத்தோடு நேரே ஒரு மரத்துக்குப் போய் ஓலையைப் புரட்டினாள். பிறகு தரையைப் பார்த்தாள். குத்தவைத்து உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த வெள்ளைத் துணுக்குகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். வெள்ளை பறந்தது. அடியில் பழுப்பாக ஒரு புழு, வாயில் வளைந்த இரண்டு கொடுக்குகள்.

"தின்ன ஈயோட தோலையும் வெள்ளையையும் முதுகுல சொமந்துக்கிட்டுத் திரியும். மத்ததுக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னு" என்றாள். "ஒங்ககிட்டச் சொன்னேனேண்ணே."

நான் போனை நீட்டினேன். அதைத் தவிர வேறு சாட்சி எனக்கு இல்லை. அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள்.

"மாவுப்பூச்சி. நம்பிக்க தொண்ணூத்தியொண்ணு."

திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப நான் மிச்சம் ஒம்பதுல வாரேனாண்ணே?"

சத்தம் போட்டிருந்தால் ஏதாவது கேலி பேசிச் சமாளித்திருப்பேன். அவள் சத்தம் போடவில்லை.

மறுபடி அட்டை வாங்கி வந்து குத்தினாள். ஓலையில் மருந்து வீரியம் போகவில்லை, பொரித்ததெல்லாம் செத்தது. தப்பிப் பிழைத்த வெள்ளை ஈக்களைத் தின்ன ஆளில்லை. கார்த்திகை முடிவதற்குள் ஓலை வெளுத்தது, மார்கழியில் கறுத்தது. நான் ஞாயிறுதோறும் போய் அவளோடு ஓலை கழுவினேன். ஹோஸை ஒருவர் பிடிக்க ஒருவர் ஓலையைத் தூக்க, ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போகும். நான் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அந்தச் செயலி ஒருநாள், 'உங்கள் பயிர் இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டது. அழித்துவிட்டேன்.

"அத ஏன் அழிச்சீக?" என்றாள் மனைவி. "அது என்ன செய்யும், பாவம்."

தை பிறந்ததும் தங்கச்சி வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்தார். அந்த ஞாயிறு அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்படிச் சொன்னால் இன்னும் ஒரு வருடம் பொறுப்பார். அட்டை வேலை செய்தது, கெடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரிந்தாலே போதும். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

மூன்று பேரும் தோப்பைச் சுற்றி வந்தோம். அவர் ஓர் ஓலையைத் தொட்டார், விரலில் கரி ஒட்டியது.

"பூச்சிய விட்டுப் பூச்சிய வெரட்டப் போறேன்னா மச்சான். அட்டையக் குத்துனா, குத்துனா, வருசம் பூராம் குத்துனா. இந்தா, எம்புட்டு லெச்சணமா நிக்குது பாருங்க. மருந்த அடின்னு நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டாளா?"

தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐப்பசியிலிருந்து தை வரை அவள் அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளும் காத்திருந்தாள்.

அந்த நாலு வாக்கியமும் தொண்டை வரை வந்தன. நான் வாயைத் திறந்தேன்.

"மழையும் இந்த வருசம் சரியில்லையே, மாப்ள" என்றேன்.

"அதுவுந்தான் மச்சான்" என்றார் அவர். "மாசியில பத்திரத்த முடிச்சுருவோம்."

தங்கச்சி வீட்டுக்குள் போனாள். வெகுநேரம் கழித்து மூன்று டம்ளரில் டீ கொண்டு வந்தாள். எனக்குச் சுகர். என் டம்ளரில் மட்டும் சீனி போடவில்லை.

"குடிங்கண்ணே, ஆறிப்போகும்" என்றாள்.

குடித்தேன்.