துரையின் அகராதியில் ஒரு தமிழ்ச் சொல்

இங்கிலீஷ் அகராதியில் தமிழ்ச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் நம்மவர்களுக்குத் தலைகால் புரிவதில்லை. சுருட்டு நம்முடையது, கட்டுமரம் நம்முடையது, கறி நம்முடையது என்று மார்தட்டிக்கொள்கிறார்கள். நானும் தட்டியவன்தான். ஆனால் அதே வரிசையில் ‘பரையா’ என்று ஒரு சொல்லும் இருக்கிறது. ஊரால் ஒதுக்கப்பட்டவன், தெருநாய் என்றெல்லாம் அதற்கு அங்கே அர்த்தம் போட்டிருக்கிறார்கள். அதன் பூர்வீகத்தை ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு விளக்கிச் சொன்ன புண்ணியவான் நான். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அப்போது மலாயாவில், கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். இருபத்து நான்கு வயது. மெட்ரிகுலேஷன் தேறிய கர்வம் மட்டும் வயதுக்கு மீறி இருந்தது. வந்த இரண்டாம் மாதமே குளிர்க்காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி டிரசர் கொயினா மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சமைத்துப் போடத்தான் ஆளில்லை, என் சாதிக்காரர் எவரும் அந்தத் தோட்டத்தில் கிடையாது.

பதினோரு நாள் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடிக்கிறவர். பறையர். என் அப்பா வயதிருக்கும், ஆனாலும் நான் ‘நீ’ என்றுதான் பேசுவேன். எங்கள் ஊர் வழக்கப்படி அவர்களிடமிருந்து அரிசி வாங்கலாம், காய் வாங்கலாம். சமைத்ததை மட்டும் தொடக்கூடாது. அது அவருக்கும் தெரியும். பூண்டும் சீரகமும் தட்டிப்போட்ட கஞ்சியை எனாமல் மங்கில் ஊற்றிவந்து, படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். முதல் நாள் யோசித்தேன். இரண்டாம் நாள் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, அவரே உள்ளே வந்து என் தலையைத் தாங்கிப் புகட்டினார். பிழைத்து எழுந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்பது. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த வருஷ மழையில் மேட்டில் வழுக்கி விழுந்து அவருடைய முழங்கால் கெட்டுப்போனது. நொண்டிக்கொண்டு மரம் சீவ முடியவில்லை. தப்பு அடிக்க மட்டும் தோட்டத்தில் ஆள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும், அவரும் மனைவியும் நடுத்தெருவில் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துத் துரையின் சீனச் சமையல்காரன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். இவர் பினாங்கில் ஒரு துரை வீட்டுக் குசினியில் ஆறு வருஷம் இருந்தவர். தனக்காக ஒரு வார்த்தை சொல்லும்படி என்னிடம் கேட்டார். சொன்னேன். துரையும் ஆளை அழைத்து வரச் சொல்லிவிட்டார். காரியம் முடிந்த மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களாவுக்குப் போனோம். துவைத்த வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அவரைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு நான் வராந்தாவில் ஏறினேன். துரை ஊருக்குப் புதிது, சொற்களில் பித்து. மடியில் தடித்த அகராதி இருந்தது. முற்றத்தில் திரிந்த நாயை ‘பரையா’ என்று அதட்டி விரட்டிவிட்டு, இது உங்கள் பாஷையாமே, என்ன கதை என்று என்னைக் கேட்டார்.

எனக்கு இங்கிலீஷில் நாக்கு அவிழ்ந்துகொண்டது. பறை என்றால் ஒரு தோல்வாத்தியம், அதை அடிக்கிறவர்களுக்கு அது பேராயிற்று என்று சொல்வார்கள் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். துரை தலையாட்டிக்கொண்டே கேட்டது எனக்குப் போதையாக இருந்தது. ஊருக்கு வெளியே குடியிருப்பார்கள், தனிக் கிணறு, அவர்கள் கைத் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள் என்று அடுக்கினேன். கடைசியில் உதாரணத்துக்கு ஆள் வேண்டாமா? திரும்பிக் கீழே கையைக் காட்டினேன்.

துரை அகராதியை மூடினார். இவன் சமைத்ததை நீ சாப்பிடுவாயா என்று கேட்டார்.

“ஒருநாளும் மாட்டேன், சார்” என்றேன்.

பங்களா ஆயாவும் தண்ணீர் தூக்குகிறவனும் உன்னைப் போலவே மறுப்பவர்கள்தானே, குசினியில் எனக்குச் சண்டை வேண்டாம், வேறு ஆளைப் பார் என்று சொல்லி அவர் உள்ளே போய்விட்டார்.

இறங்கி வந்து, துரைக்குச் சீனன்தான் வேண்டுமாம் என்று இவரிடம் பொய் சொன்னேன். “சரிங்கய்யா” என்றார், அவ்வளவுதான். ஆறு வருஷம் வெள்ளைக்காரன் குசினியில் இருந்தவருக்கு அந்த இங்கிலீஷ் புரியாமலா இருக்கும்? அந்த யோசனையே எனக்கு வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியவன் அல்லவா!

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்ப வந்தது. இரண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் அவருடைய நொண்டி நடை கேட்டது. சொன்னால் வெட்கக்கேடு, அந்தச் சத்தத்தில் எனக்கு வாய் ஊறியது. அவர் உள்ளே வரவில்லை. ஒரு துணி முடிச்சைப் படியில் வைத்தார். கஞ்சியா என்று கேட்டேன்.

“அரிசிங்கய்யா. நான் சமைச்சத சாப்பிட மாட்டேன்னு தொரைகிட்ட சொன்னீங்களே. நீங்களே காய்ச்சிக்குங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். என்னால் அடுப்பு வரைக்கும் நகர முடியாது என்பது அவருக்குத் தெரியும், தலையைத் தாங்கிப் பிடித்தவர் ஆயிற்றே. திரும்பி நடந்தார். கூப்பிட வாயெடுத்தேன். செக்ரோல் என்ற ஆள்பதிவில் தினமும் நான் எழுதுகிற அவருடைய பெயரை, ஒருநாளாவது வாயால் சொல்லியிருந்தால் அப்போது வந்திருக்கும். வரவில்லை. அந்த அரிசியைப் பச்சையாக மென்று தண்ணீர் குடித்தேன்.

எழுந்து ஆபீசுக்குப் போனபோது அவர்கள் லயத்தைக் காலி செய்திருந்தார்கள். உலு திராம் பக்கம் போனதாகச் சொன்னார்கள். செக்ரோலில் அவர் பெயரை அடிக்க வேண்டியவன் நான்தான். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. கால் ஊனம் என்று இங்கிலீஷில், அழகான கையெழுத்தில் எழுதினேன்.