புகைப்புரையில் ஆளில்லை

அருமனையில் எங்கள் ரப்பர் தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு புகைப்புரை உண்டு. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு, அடியில் தீ மூட்டிப் புகையில் உலர்த்தும் சின்னக் கட்டடம். ஜன்னல் கிடையாது, ஷீட்டுக்குக் காற்று எதற்கு? ஷீட் போடுவதை நிறுத்தியபின் மாமா அதில் ஒடிசாக்காரக் குடும்பம் ஒன்றைக் குடிவைத்தார். அந்த மனசுக்கு ஊரில் நல்ல பெயர் வேறு.

அவர்கள் மகள் பூஜா என் வயதுக்காரி. விடியற்காலையில் மரம் மரமாக, வெட்டுப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் போட்டுவிட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை வருவாள். "நானும் உள்ள வரட்டா?" என்று தினமும் கேட்பாள். நான் டீச்சரிடம் சொல்லிவைத்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் பக்கம் வரப்போவது அவர்தான். அப்படியே பூஜாவையும் பார்த்துப் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பூஜா என் பழைய யூனிபாரத்தைத் துவைத்து உடுத்திக் காத்திருந்தாள்.

மாமாவுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. டீச்சர் வரும் நாளில், போலீஸ் வருகிறது என்று அவர்களை மிரட்டி, உள்ளே அடுப்பு மூட்டச் சொல்லி, வெளியே பூட்டினார்.

டீச்சர் வந்து கேட்டார். மாமா கூரையைக் காட்டினார்.

"அவங்க போன வாரமே ஊருக்குப் போயாச்சு டீச்சரே. இப்ப உள்ள ஷீட்டாக்கும் கெடக்குது. பொகை வருதுல்லா?"

"பூஜா உள்ளதான் இருக்கா டீச்சர்," என்றேன்.

மாமா என் தலையைத் தடவினார். "கூட்டுக்காரி போன வெசனமாக்கும். ரெண்டு நாளா இப்படித்தான் பெனாத்துது."

டீச்சர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பூட்டைத் திறந்தபோது பூஜா இருமிக்கொண்டே வந்தாள். வெள்ளைச் சட்டையில் கரி. கண் சிவந்து, "டீச்சர் வரலியா? நீ சொல்லலியா?" என்றாள். மறுநாள் விடியுமுன் அவள் ஒட்டுப்பால் உரிக்க நின்றாள். மாமாவின் கணக்கில் அவள் என்றைக்கும் விடுபட்டதில்லை.

வெளிமாநிலத்தார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கெடுப்பை வைத்து ஒரு மாவட்ட வரைபடத்தில் நிறமடித்திருந்ததைப் பிற்பாடு பார்த்தேன். எங்கள் பக்கம் வெள்ளையாக விட்டிருந்தார்கள். இத்தனை துப்புரவான பொய்யை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டீச்சர் வந்துபோன அன்று இரவு எனக்கு அடி விழும் என்று பயந்திருந்தேன். மாமா திட்டக்கூட இல்லை. ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தந்தார். உண்மையைச் சொன்ன பிள்ளையை அவர் ஏன் கோபிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்குத் தங்கமான மனசு என்று நினைத்துக்கொண்டே மிட்டாயைத் தின்றேன்.