துவைத்துக் காயும் மாம்பழங்கள்

மாதத்துக்கு ஒருமுறை நான் மாம்பழம் துவைக்கிறேன். ஸ்பாஞ்சில் செய்து மஞ்சள் துணி போர்த்திய மாம்பழங்கள், ஒரு மூட்டை. பாரிஸுக்கு வெளியே ஐந்தாவது மாடியில், படுக்கையும் அடுப்பும் ஒரே அறைக்குள் இருக்கும் வீடு எனக்கு. வாஷிங் மெஷினில் போட்டெடுத்து, துணி காயவைக்கும் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். எதிர்வீட்டு மதாம் ஒருநாள் எட்டிப் பார்த்து, “குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாயா?” என்று கேட்டார். “இல்லை, நான் பாடகி” என்றேன். “நல்லது, குழந்தைகளுக்குப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்” என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகள் சௌக்கியமா என்கிறார். நானும் சௌக்கியம் என்கிறேன். விளக்கிச் சொல்ல என் பிரெஞ்சும் போதாது, பொறுமையும் போதாது.

நான் காரைக்கால் பக்கம் விழிதியூர்க்காரி. அப்பாவுக்கு நெல் விவசாயம், அண்ணனுக்குக் காரைக்காலில் ஆபீஸ் வேலை. கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தவள், கிட்டார் பழகி, சொந்தமாகக் கட்டிய முதல் பாட்டு மாங்கனித் திருவிழாவைப் பற்றியது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனிப் பௌர்ணமியில் சாமி வீதியுலா வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். இன்னும் பலிக்காதவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. என் பாட்டு, கீழே நிற்பவளின் பாட்டு. ‘மாடி மேல நிக்கிறவளே, ஒண்ணே ஒண்ணு வீசடி, முந்தானைய விரிச்சிருக்கேன், பாத்து வீசடி’ என்று தொடங்கும். அது இணையத்தில் சுற்றிச் சுற்றி, இங்கே ஓர் இசை நிறுவனத்தின் காதில் விழுந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். வந்துவிட்டேன்.

அதற்கு முன்பே, எனக்குத் தெரியாமல் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். என் பாட்டு நாலு பேர் காதில் விழுந்தால், என் கையாலேயே ஒரு கூடை மாம்பழம் வீசவைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அதுவரை தானும் மாம்பழத்தைத் தொடுவதில்லை என்று சபதம் வேறு. மாம்பழக் காலம் வந்தால் சோற்றையே மறந்துபோகும் மனுஷி அவள். “அண்ணிய வீசச் சொல்லேம்மா” என்றேன். “வேண்டுனது ஒங் கைக்கி. அவ கையி வீசி என்னடி ஆவப்போவுது?” என்றாள். காரைக்காலில் சாமி வரும் தெருவில் பெரியம்மா வீடு இருக்கிறது. ஆனிக்கு ஆனி அம்மா அங்கே கூடையோடு போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறாள்.

ஊரில் ஆனி என்றால் இங்கே கோடைக்காலம், ஊருக்கு ஊர் இசைவிழா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஜூன், ஜூலை என்று படித்தேனே தவிர, அது ஆனி என்று என் மண்டையில் உறைக்கவில்லை. என் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் மத்தில்த் நல்ல பெண்மணி. வேண்டுதலைப் பற்றி மெனக்கெட்டுச் சொன்னபோது கண் கலங்கக் கேட்டார். மறுவாரம் சந்தோஷமாக வந்து, “உனக்கு லீவு வாங்கிவிட்டேன், ஒரு முழு நாள்!” என்றார். ஒரு நாளில் காரைக்கால் போக முடியாது என்றேன். “பண்டிகை ஒரு நாள்தானே?” என்று குழம்பினார். ஒப்பந்தத்தை உதறலாம் என்றால், என் கார்த் த செழூர், அதாவது இங்கே இருப்பதற்கான அட்டை, அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தமோ அந்த ஒரு பாட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக் காட்டினேன். மத்தில்த் கேட்டுவிட்டு, “அழகாக இருக்கிறது, ஆனால் இதில் வெயில் எங்கே?” என்றார். அவர்களுக்கு நான் மஞ்சள் சேலையும் மாம்பழமும்தான்.

மேடையில் பாட்டின் கடைசியில் நான் கூட்டத்தை நோக்கிப் பழம் வீச வேண்டும். நிஜப் பழம் யார் தலையிலாவது விழுந்தால் வம்பு என்றுதான் ஸ்பாஞ்ச். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பச் சேகரித்துக்கொள்வோம். கீழே நிற்பவளின் பாட்டை மேலே நின்று பாடிக்கொண்டு, பலித்தவளைப் போல வீசிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் ஆனிப் பௌர்ணமியன்று தெற்கே ஒரு சிற்றூரில், மதிய நிகழ்ச்சி. வீசிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் தொப்பி போட்ட ஓர் அம்மாள் பிடித்த பழத்தை, பந்து விளையாட்டென்று நினைத்தாரோ என்னவோ, என்னை நோக்கித் திருப்பி வீசினார். எங்கள் ஊரில் யாரும் செய்யாத வேலை அது. நான் யோசிக்கவில்லை. கை தானாக முந்தானையை விரித்தது, பழம் வந்து அதில் விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. கீழே இறங்கியதும் மத்தில்த் கட்டிக்கொண்டு, “பிரமாதம்! இனி எல்லா ஊரிலும் இதைச் செய்” என்றார்.

பாட்டு முடிந்த கையோடு அம்மாவின் அழைப்பு. பின்னால் மேளச் சத்தம்.

“சாமி இப்பத்தான் பெரியம்மா தெருவத் தாண்டிப் போவுது. மாம்பழக் கூட அப்புடியே இருக்குடி. அடுத்த ஆனிக்காச்சும் வந்துருவல்ல?”

“அம்மா, இன்னக்கி எம் முந்தானையிலயே ஒண்ணு விழுந்துச்சும்மா” என்றேன்.

“அங்கயும் வீசுறாங்களா? யாரு வீசுனா?”

“ஒரு வெள்ளக்காரம்மா.”

“அந்த மகராசிக்கு என்ன பலிச்சுதோ! கீழ கீழ போட்றாத. யாருக்கும் பங்கு குடுக்காம நீயே முழுசா சாப்புடு. நெனச்சது நடக்கும், ஊருக்கு வந்துருவ பாரு.” அவள் குரலில் அப்படியொரு நிம்மதி. அது ஸ்பாஞ்ச் என்று எப்படிச் சொல்வேன்? “சரிம்மா” என்றேன்.

மற்றவற்றை மூட்டை கட்டி எடுத்துவந்து துவைத்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் மூட்டையில் சேர்க்க மனம் வரவில்லை. அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறேன். தினமும் கண்ணில் படுகிறது. பழுக்கவும் இல்லை, அழுகவும் இல்லை. அடுத்த ஆனி வரைக்கும், அதற்கடுத்த ஆனி வரைக்கும் அது இப்படியே இருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.